அனுப்பியவர்: தெரியாது

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு சுயம்புலிங்கத்தின் உடம்பு பேச்சை நிறுத்திக்கொண்டது. என்ன ஏது என்று விசாரிக்க ஆள் வந்து சேர்ந்தபோது புதன்கிழமை காலை ஒன்பதரை.

வந்தவள் பியூலா. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை 'பலகை' வைத்திருக்கும் இருநூற்றுப் பதினோரு பேருக்கும் சேர்த்துக் கம்பெனி போட்டிருந்த ஒரே சர்வீஸ் ஆள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கதவு திறந்தது.

"நாலு நாளா போன் பண்ணுதேன், தங்கச்சி," என்றாள் அருள்கனி. கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல். கண்ணுக்குக் கீழே கருவளையம். கழுத்தில், தாலிக்கொடிக்குப் பக்கத்திலேயே, சணல் கயிற்றில் ஒரு சமையல் டைமர் தொங்கிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க அக்கா. ஒத்த ஆளு. நேத்து முழுக்க உடன்குடியில மாட்டிக்கிட்டேன்."

வீட்டுக்குள் நல்லெண்ணெயில் பூண்டு பொரிந்த வாசனை. ரசத்துக்குத் தாளித்திருப்பார்கள் என்று பியூலா நினைத்துக்கொண்டாள். காலையில் வெறும் டீயோடு கிளம்பியவளின் வயிறு மெல்ல ஒரு குரல் கொடுத்தது. அவள் வயிற்றுக்குப் பலகை தேவைப்படவில்லை.

சுயம்புலிங்கத்துக்குத் தேவைப்பட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால், உப்பு லாரி சிந்திவிட்டுப் போன ஈர ரோட்டில் பைக் சறுக்கியது. நெஞ்சுக்குக் கீழே உடம்பில் என்ன நடந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒரே பக்கமாக உட்கார்ந்து தொடை புண்ணானாலும், குதிகால் வெந்தாலும், மூத்திரப்பை நிறைந்தாலும் சேதி மூளைக்கு வந்து சேராது. வழி அறுந்துவிட்டது. அந்த வேலையைத்தான் பலகை செய்தது. உடம்பில் பன்னிரண்டு இடத்தில் பொட்டு அளவுக்கு ஒட்டுகள். முதுகெலும்பில், கால் நரம்புகளைக் கவனிக்க, ஒரு சின்னப் பாலம். சக்கர நாற்காலியின் அடியில் ஒரு கணினி. வலது கைப்பிடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. 'இடது தொடை: நாற்பது நிமிடமாக அழுத்தம்' என்று திரையில் எழுத்து வரும். கூடவே உள்ளங்கைக்குக் கீழே கைப்பிடி குறுகுறுவென்று அதிரும். உடம்பு சொல்ல வேண்டியதை உள்ளங்கை சொல்லும்.

இப்போது அந்தத் திரையைத் தொட்டால் ஒரு நீல வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அறிவிப்பும் வரவில்லை, அமைப்புகளும் திறக்கவில்லை.

"வாங்க டாக்டர்," என்றார் சுயம்புலிங்கம். நாற்பத்திரண்டு வயது. தலைமுடி ஈரமாக, சீயக்காய் மணத்தோடு படிய வாரியிருந்தது. "மிசினுக்கு டாக்டரா, எனக்கு டாக்டரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணாச்சி. இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

அருள்கனி விரல் விட்டாள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன், இருவது தரம். எங்க சித்தப்பா வந்து பேட்டரியக் கழத்தி வெயில்ல வச்சாரு. அப்புறம் மிசினுக்கு திருஷ்டி சுத்திப் போட்டேன்."

"எதுக்காவது அசஞ்சுதா?"

"திருஷ்டிக்கு லேசா ஒரு தரம் லைட்டு மினுங்குச்சு," என்று வாக்குமூலம் கொடுத்தார் சுயம்புலிங்கம்.

பியூலா சிரித்துக்கொண்டே கருவிப்பையை நாற்காலியின் ஓரமாகச் சாய்த்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடியில் இருந்த கணினியோடு தன் கைக்கணினியை இணைத்தாள். மற்ற எல்லாம் உயிரோடுதான் இருந்தன. ஒட்டுகள் சேதி அனுப்பிக்கொண்டிருந்தன. கணினி வாங்கிக்கொண்டிருந்தது. வாங்கியதை வெளியே காட்ட வேண்டிய பலகை மட்டும் செத்த மாதிரி கிடந்தது. பலகையை மட்டும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். நீல வட்டம். கோப்புகளில் பழுது உண்டா என்று சோதிக்க விட்டாள். பழுது இல்லை. போன மாதம் வந்த புதுப்பிப்பை நீக்கினாள். நீல வட்டம்.

"நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை," என்றார் சுயம்புலிங்கம், சும்மா சொல்வது போல.

"வெள்ளிக்கிழமை என்ன?"

"துறைமுகத்துல மெடிக்கல். நான் பழைய கிரேன் ஆப்பரேட்டர்லா. இப்ப கிரேன் மேல ஏறவேண்டாம், கீழ ஏசி ரூம்ல உக்காந்து திரையப் பாத்தே கண்டெயினரத் தூக்கலாம்னு வச்சிருக்காங்க. கையும் கண்ணும் போதும். எனக்கு அது ரெண்டும் புலி. பரீச்சை பாஸ் பண்ணியாச்சு. அங்க உள்ள டாக்டர் பலகையத் தொறந்து ஒரு மாசத்து சேதியப் பாப்பாரு. எல்லாம் ஒழுங்கா இருந்தா திங்கக்கிழமை சீட்டுல உக்காருவேன்."

"தொறக்கலைன்னா?"

"எனக்குப் பின்னால பதினாலு பேரு நிக்கான்."

அருள்கனியின் டைமர் அடித்தது. அவள் வந்து கணவனின் அக்குளில் கை கொடுத்து, ஒரு பக்கமாகத் தூக்கி, பத்து எண்ணி, இறக்கி, மறுபக்கம் தூக்கினாள். திரும்பவும் நாற்பது நிமிஷத்துக்கு டைமரைத் திருகினாள். நாலு நாளாக, ராப்பகலாக, அவள்தான் பலகை.

கைக்கணினியிலிருந்து 'துணை' வாய் திறந்தது. சர்வீஸ் ஆட்களுக்குக் கம்பெனி கொடுத்திருந்த செயற்கைக் குரல் அது. "வணக்கம், பியூலா. அறிவிப்புப் பலகை பதிலளிக்கவில்லை என்பதைக் கண்டறிந்துள்ளேன். எனது பரிந்துரை, முழு மீட்டமைப்பு."

"ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசுது," என்றார் சுயம்புலிங்கம். "என்ன சொல்லுது?"

பியூலா தயங்கினாள். "ரீசெட் பண்ணச் சொல்லுது. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து... பலகை உங்க உடம்பப் புதுசாப் படிக்கணும். எது உங்களுக்கு வழக்கமான சூடு, எது காய்ச்சல், எவ்வளவு நேரம் உக்காந்தா தாங்கும், எல்லாம்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஆஸ்பத்திரியில வச்சு ஆறு வாரம்."

சுயம்புலிங்கம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். முகம் சிவந்து வந்தது.

அருள்கனி அதைப் பார்த்துவிட்டாள். "ஏங்க, தலை வலிக்கா?"

"இடிக்கு."

"எப்ப இருந்து?"

"இப்பத்தான் ஒரு அஞ்சு நிமிசமா."

அருள்கனி உடனே நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, லுங்கியை விலக்கி, மூத்திரக் குழாயை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நாற்காலியின் ஓரத்தில் விரல் நின்றது. பியூலாவின் கருவிப்பை. நாலு கிலோ கனத்தையும் குழாயின் மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அது. அருள்கனி பையைத் தள்ளினாள். குழாய் நிமிர்ந்தது. மூத்திரம் சேரும் பையில் சரசரவென்று இறங்கியது.

இரண்டு நிமிஷத்தில் முகத்துச் சிவப்பு வடிந்தது. பியூலாவுக்குத் தெரியும். இப்படிப்பட்ட உடம்பில் இன்னும் கால் மணி நேரம் மூத்திரம் அடைத்திருந்தால் ரத்த அழுத்தம் தலைக்கேறி ஆளையே கொண்டுபோயிருக்கும்.

"அக்கா... நான் பாக்கவே இல்ல..."

"நீ வேணும்னா செஞ்சே? பலகை இருந்திருந்தா 'பையை எடு'ன்னு அதுவே கத்தியிருக்கும்." அருள்கனி முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். "நாலு நாளா எனக்கு இதேதான் பயம். ஒரு நிமிசம் நான் அசந்தா முடிஞ்சுது. ஆறு வாரம்னாலும் சரி தங்கச்சி, ரீசெட்டப் பண்ணிரு. அந்த வேலை கெடக்கட்டும்."

"வேலை கெடக்கட்டுமா?" சுயம்புலிங்கத்தின் குரல் உயர்ந்தது. "நாலு வருசமா இந்தச் சன்னல்ல போற பஸ்ஸ எண்ணிக்கிட்டு இருக்கேன்டி. பதினொண்ணு மேக்க, பன்னெண்டு கிழக்க. ஒரு பஸ்ஸு எங்க இருந்து வருதுன்னே தெரியல."

"அரை மணி நேரம் குடுங்க," என்றாள் பியூலா. "முன்வாசல் தொறக்கலைன்னா கொல்லைப்பக்கமா போய்ப் பாக்கேன்."

பலகைக்குள் போக முடியாவிட்டாலும், பலகைக்குப் போக வேண்டிய சேதிகள் வரிசையில் நிற்கும் இடத்துக்குப் போகலாம். கம்பெனி அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆறு வருஷ அனுபவத்தில் அவளாகக் கற்றுக்கொண்டது. திறந்தாள். சனிக்கிழமையிலிருந்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் சேதிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. குதிகால், தொடை, மூத்திரப்பை, மறுபடி குதிகால். எல்லாவற்றுக்கும் முன்னால், வரிசையின் தலையில், ஒரே ஒரு சேதி நகராமல் நின்றது.

இடது கால், கீழ்நுனி. அனுப்பியவர்: தெரியாது.

"அண்ணாச்சி, இடது கால் நுனியில ஒட்டு எதுவும் புதுசா வச்சாங்களா?"

"குதிகால்ல ஒண்ணுதான். விரல் பக்கம் ஒண்ணும் கிடையாது."

"பின்ன இது யாரு அனுப்புனது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவள், அமைப்புகளின் பழைய பிரதியைத் தேடி எடுத்தாள். பார்த்ததும் புரிந்தது. "நீங்க செட்டிங்ஸ்ல ஏதோ மாத்தியிருக்கீங்க. மூணு வருசத்துக்கு முன்னால. 'கால்கள், ஒருபோதும் அறிவிக்க வேண்டாம்.' ஒட்டுக்கு இல்ல, பாலம் வழியா வாரதுக்கு மட்டும்."

சுயம்புலிங்கம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் அருள்கனியிடமிருந்து வந்தது. "பலகை வச்ச புதுசுல மணிக்கொரு தரம் சொல்லும். 'கால்கள், சேதி இல்லை.' சோறு தின்னும்போது சொல்லும், நல்லாத் தூங்கும்போது கையைக் குலுக்கி எழுப்பிச் சொல்லும். சேதி இல்லை, சேதி இல்லைன்னு ஒரு நாளைக்கு இருவத்தி நாலு தரம். ஒரு நாள் சொம்பைத் தூக்கி எறிஞ்சாரு. அப்புறம் அவரே அத நிப்பாட்டிட்டாரு."

"இல்லாததை எதுக்குத் தெனமும் சொல்லணும்?" என்றார் அவர், திரும்பாமல். "ஒரு தரம் சொன்னாப் போதாதா?"

"தப்பே இல்ல அண்ணாச்சி. ஆனா அதுதான் சிக்கல்." பியூலா கைக்கணினியை மடியில் வைத்துக்கொண்டாள். "வாசல்ல ஒரு வாட்ச்மேன் நிக்கான்னு வச்சுக்கோங்க. அவனுக்குக் கம்பெனி ஒரு உத்தரவு போட்டிருக்கு, 'முன்பின் தெரியாத ஆள் வந்தா மொதலாளிகிட்ட காட்டிப் பேரு கேக்காம, அடுத்த ஆள உள்ள விடாத.' நீங்க ஒரு உத்தரவு போட்டிருக்கீங்க, 'அந்தத் தெருவுல இருந்து எவன் வந்தாலும் என்கிட்ட மூச்சு விடாத.' சனிக்கிழமை அந்தத் தெருவுல இருந்து ஒரு புது ஆள் வந்துட்டான். வாட்ச்மேன் என்ன செய்வான்? காட்டவும் முடியாது, விரட்டவும் முடியாது. கேட்டைப் பூட்டிட்டு நிக்கான். பின்னால ஒம்பதாயிரம் பேரு நிக்காங்க."

"அந்த ஆள் யாரு?"

அதற்கு 'துணை' பதில் சொன்னது. "பாலத்தில் ஏற்பட்ட மின் இரைச்சலாக இருக்க அதிக வாய்ப்புள்ளது. இனி முழு மீட்டமைப்பு தேவையில்லை. இடது கால் வழியை நிரந்தரமாக அடைத்துவிடலாம். மற்ற அமைப்புகள் அப்படியே இருக்கும். பத்து நிமிடங்களில் பலகை இயங்கும்."

"பத்து நிமிசமா!" சுயம்புலிங்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "அடைச்சிரு தாயி. இப்பவே அடைச்சிரு. ஏட்டி, தங்கச்சிக்கு டீ போடு. கருப்பட்டி போட்டுப் போடு."

அருள்கனி எழுந்து அடுப்படிக்குப் போனாள். நாலு நாளைக்குப் பிறகு அவள் நடையில் ஒரு லேசு. பியூலாவும் நிம்மதியாகத்தான் மூச்சு விட்டாள். 'நிரந்தரமாக அடை' என்ற சிவப்புப் பொத்தான் திரையில் வந்தது. அழுத்தும் முன்பு இரைச்சலின் பதிவைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. எடுத்தாள். கோடுகளாக விரிந்தது.

பன்னிரண்டு வாரத்துப் பதிவு. ஆரம்பத்தில் கண்ணுக்கே தெரியாத புல் முளை போலக் கோடுகள். வாரம் போகப்போக வளர்ந்திருந்தன. போன சனிக்கிழமைக் கோடுதான் முதன்முதலாக எல்லையைத் தாண்டியது. அதனால்தான் வாட்ச்மேன் கண்ணில் பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டே இரண்டு நிமிஷம். காலை ஆறரை, ஆறே முக்காலுக்குள். வாரத்துக்கு இரண்டு.

பியூலா தேதிகளுக்கு மேலே கிழமைகளைப் போடச் சொன்னாள்.

புதன். சனி. புதன். சனி. புதன். சனி.

"வாரம் இருமுறை இயங்கும் மின்கருவி ஏதேனும் வீட்டில் உள்ளதா?" என்று கேட்டது 'துணை'.

"மோட்டார், கிரைண்டர் ஏதாவது புதன், சனியில மட்டும் போடுவீங்களா அக்கா?"

"எல்லாம் தெனமும்தான் ஓடுது," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பியூலா நிமிர்ந்து பார்த்தாள். சுயம்புலிங்கத்தின் பளபளக்கும் தலைமுடி. சீயக்காய் மணம். இன்று புதன்கிழமை. 'துணை'க்கு நூற்றெழுபது மொழி தெரியும். புதனும் சனியும் தெரியாது.

"அண்ணாச்சி, காலையில எண்ணெய் தேச்சிக் குளிச்சீங்களா?"

"இது என்ன கேள்வி? ஆம்பள புதனும் சனியும் குளிக்காம செவ்வாயும் வெள்ளியுமா குளிப்பான்?"

"தலைக்கு எண்ணெய் சரி. காலுக்கு?"

அருள்கனி டீத் தம்ளரோடு வாசல்படியில் நின்றுவிட்டாள். தப்புச் செய்த பிள்ளை மாதிரி முகம். "சொன்னா நீயும் ஏசுவ. ஆஸ்பத்திரியில நர்சம்மா ஒரு நாள் கண்டுட்டு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க."

"ஏச மாட்டேன். சொல்லுங்க."

"நாள் பூரா உக்காந்தே இருக்காருல்லா, ஒடம்பு சூடு புடிச்சிக்கிடும். அதான் நல்லெண்ணெயில ரெண்டு பல் பூண்டு, நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டுல கால் கட்டைவிரல்ல வைப்பேன். ரெண்டு நிமிசம்தான். அதுக்கு மேல வச்சா சளி புடிச்சிக்கிடும். உடனே கழுவிருவேன்."

"ரெண்டு காலுக்குமா?"

"ரெண்டு காலுக்கும்தான்."

"உணர்ச்சியே இல்லாத கால்ல சூடு எங்க இருக்குன்னு நானும் நாலு வருசமாக் கேக்கேன்," என்றார் சுயம்புலிங்கம். "இவ கேட்டாத்தானே."

பியூலா டீயை வாங்கவில்லை. "அக்கா, அந்த எண்ணெய் மிச்சம் இருக்கா? கொஞ்சம் சூடு காட்டி எடுத்துட்டு வாங்க."

"இன்னைக்கு ஒரு தரம் வச்சாச்சே. ரெண்டாந்தரம் வச்சா..."

"சளி புடிச்சா நான் மருந்து வாங்கித் தாரேன். எடுத்துட்டு வாங்க."

வலது கட்டைவிரலில் முதலில் வைத்தார்கள். கைக்கணினித் திரையில் கோடு படுத்தே கிடந்தது. இடது கட்டைவிரலில் அருள்கனியின் விரல் பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... கோடு தலை தூக்கியது. விரலை எடுத்துத் துடைத்தாள். கோடு மெல்லப் படுத்தது. மறுபடி வைத்தாள். தூக்கியது.

சுயம்புலிங்கம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"உங்களுக்கு வந்து சேர இன்னும் தூரம் இருக்கு. ஆனா அங்க இருந்து கிளம்பிருச்சு. பாலம் வரைக்கும் வந்துட்டு." பியூலா கோட்டின் நுனியை விரலால் தொட்டுக் காட்டினாள். "நான் டாக்டர் இல்ல. நடப்பீங்கன்னு நான் சொல்லல. ஒரே ஒரு நரம்பு, ஒரே ஒரு விரல், அதுவும் சூடு மட்டும். ஆனா இது இரைச்சல் இல்ல அண்ணாச்சி. மின்கோளாறு புதன், சனி பாத்து வராது."

சுயம்புலிங்கம் காலிலிருந்து கண்ணை எடுத்தார். "அடைச்சிரு."

"என்னங்க!" என்றாள் அருள்கனி.

"வெள்ளிக்கிழமை டாக்டர் பலகையத் தொறப்பாரு. 'தெரியாத சேதி'ன்னு ஒத்த வரி இருந்தாலும் அன்ஃபிட்டுன்னு எழுதிருவாரு, அதுதான் அங்க ரூலு. ஒரு விரல் சூட்டை வச்சு நான் என்ன செய்ய? வேலைன்னா அது கையில இருக்கிற வேலை." அவர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "இல்லைன்னு பழகிட்டேன்டி. பழக எனக்கு ஒரு வருசம் ஆச்சு. மறுபடி 'இருக்கு'ன்னு சொல்லி, அப்புறம் இல்லைன்னு போச்சுன்னா, இன்னொரு தரம் பழக எனக்குத் தெம்பு இல்ல."

சிவப்புப் பொத்தான் திரையில் காத்திருந்தது. உடம்பு அவருடையது. அவர் சொன்னால் அழுத்த வேண்டும். பியூலா அருள்கனியைப் பார்த்தாள். அருள்கனி ஒன்றும் கெஞ்சவில்லை. கொடியில் கிடந்த துண்டை உருவி எடுத்து வந்து, கணவனின் முழங்காலிலிருந்து பாதம் வரை மூடிப் போட்டாள்.

"அடைக்கிறதா இருந்தா அடைங்க. அதுக்கு முன்னால ஒரு காரியம். தங்கச்சி, அந்தக் கோட்டை அவரு கைப்பிடியில குறுகுறுன்னு வர வைக்க முடியுமா? பலகை வழியாப் போகாம, நேரா?"

"சோதனைக்குன்னா ஒரு அஞ்சு நிமிசம் வைக்கலாம்."

"வை. நீங்க கண்ண மூடுங்க."

"என்ன வெளாட்டு இது?"

"மூடுங்கங்கேன்."

அவர் மூடினார். உள்ளங்கை கைப்பிடியின் மேல் இருந்தது. அருள்கனி எண்ணெய் தொட்ட விரலைத் துண்டுக்கு அடியில் கொண்டுபோனாள். கொண்டுபோனவள் தொடாமல் காத்திருந்தாள். தெருவில் ஒரு பஸ் போனது. அதற்கப்புறம் தொட்டாள்.

நாலு விநாடி.

"இப்ப," என்றார் சுயம்புலிங்கம்.

அவள் எடுத்தாள்.

"எடுத்துட்ட."

மறுபடி தொட்டாள். "வச்சுட்ட." சிரிப்பது மாதிரி ஒரு சத்தம். "ஏட்டி, இன்னும் வச்சிருக்க. எடுக்கல. எடுக்காத." மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு கோடு கன்னத்தில் இறங்கியது. நாலு வருஷத்தில் நெஞ்சுக்குக் கீழே அவள் எத்தனையோ ஆயிரம் தடவை தொட்டிருக்கிறாள். குளிப்பாட்டியிருக்கிறாள், புரட்டியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள். தொடுகிறாள் என்பதைப் பார்க்காமலே அவர் அறிந்தது இதுதான் முதல் தரம்.

பியூலா எழுந்து சன்னலோரம் போய் டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. கருப்பட்டி கொஞ்சம் தூக்கல்.

அவள் திரும்பி வந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்ய தாயி? ரெண்டும் வேணும்னா வழி இருக்கா?"

"இருக்கு. கேட்ல நிக்கிற ஆளு தெரியாத ஆளா இருக்கிறதுதான் பிரச்சினை. நீங்க ரெண்டு காரியம் செய்யணும். நீங்கதான் செய்யணும், நான் செஞ்சா செல்லாது. ஒண்ணு, கால் பத்தி அறிவிக்கலாம்னு உத்தரவு குடுக்கணும். ரெண்டு, வந்த ஆளுக்கு ஒரு பேரு வைக்கணும். பேரு வச்சாச்சுன்னா அது தெரிஞ்ச சேதி. டாக்டர் பாத்தா, நரம்பு சேதின்னு நான் ரிப்போர்ட் எழுதித் தாரேன், இந்தப் பன்னெண்டு வாரக் கோட்டையும் சேத்து. அவரே ஆச்சரியப்படுவாரு."

"மணிக்கொரு தரம் 'சேதி இல்லை'ன்னு கையக் குலுக்குமே?"

"அத மட்டும் தனியா நிப்பாட்டலாம். சேதி இருந்தா மட்டும் சொல்லுன்னு வைக்கலாம். அன்னைக்கே யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும் அண்ணாச்சி. யாரும் சொல்லல. அது எங்க தப்பு."

பியூலா கொல்லைவழியாக அந்தக் கேள்வியை மட்டும் அவருடைய திரைக்குக் கொண்டுவந்தாள். 'கால்கள்: அறிவிக்கலாமா?' சுயம்புலிங்கத்தின் ஆள்காட்டி விரல் சற்று நேரம் காற்றில் நின்றது. பிறகு, கண்டெயினரை லாரியின் மேல் இறக்குகிற நிதானத்தோடு, இறங்கியது.

நீல வட்டம் நின்றது. பலகை திறந்தது.

முதல் சேதியாக அது வந்து நின்றது. இடது கால், கீழ்நுனி. சூடு. அனுப்பியவர்: தெரியாது. பெயரிடவும்.

அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டார். அருள்கனி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயே, என்னங்க இது, டாக்டர் பாப்பாரே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அனுப்பியவர்: அருள்கனி.

பின்னால் நின்ற ஒன்பதாயிரம் சேதிகளும் கடகடவென்று உள்ளே வந்தன. கைப்பிடி விடாமல் அதிர்ந்தது. "ஏ, ஏ, வரிசையா வாங்கலே!" என்று சத்தம் போட்டார் சுயம்புலிங்கம். அருள்கனி கழுத்திலிருந்த டைமரைக் கழற்றி அடுப்படி மேடையில் வைத்தாள். அந்த மேடைக்குக் கீழேயே, சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள்.

*

பியூலா வண்டியை உப்பளத்து ரோட்டோரம், ஒரு வாகை மர நிழலில் நிறுத்தினாள். வேலை முடிந்த படிவத்தை அனுப்ப வேண்டும். 'கோளாறின் காரணம்' என்ற கட்டத்தில் பத்துக் காரணங்கள் இருந்தன. பழைய பேட்டரி, தவறான பயன்பாடு, ஈரம், இரைச்சல். நல்ல சேதி என்று ஒரு காரணத்தை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டு, கோடுகளை இணைத்து, அனுப்பினாள்.

அனுப்பிய பிறகும் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே மனசுக்குள் ஒன்று குறுகுறுத்துக்கொண்டிருந்தது. கைக்கணினியில் தன்னுடைய பழைய வேலைகளைத் தேடினாள். 'பலகை பதிலளிக்கவில்லை. காலில் இரைச்சல்.' இந்த ஒரு வருஷத்தில் மூன்று பேர். மூன்று பேருக்கும் 'துணை' சொன்னபடி முழு மீட்டமைப்பு. மூன்றுக்கும் கீழே அவளுடைய கையெழுத்து.

முதல் பெயர், ஏரல் மாசானமுத்து. பிப்ரவரி மாதம். அவர் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டியதை அவர் போனில் பார்த்தார். பக்கத்தில் நின்று போனைப் பிடித்துக்கொண்டவள் பியூலாதான்.

அவருடைய போன் எண்ணைத் தொட்டாள். நாலாவது மணியில் எடுத்தார்.

"அண்ணாச்சி, நான் பியூலா. பலகை சர்வீஸ்."

"பலகை நல்லாத்தான் இருக்கு தாயி. ஒரு கொறையும் இல்ல."

"அதில்ல. ஒண்ணு கேக்கணும். நீங்க எண்ணெய் தேச்சிக் குளிக்கிறது உண்டா?"

"இதென்ன புதுக் கேள்வி! முந்தி உண்டு. சனிக்கிழமை தவறாது. மக தலைக்குத் தேச்சி, கால் விரல்லயும் வைப்பா. இப்ப அவளக் கெட்டிக் குடுத்தாச்சு. வச்சுவிட ஆள் இல்ல. அப்படியே விட்டுப்போச்சு. ஏன் கேக்க?"

உப்பளத்து வெயிலில் கண் கூசியது. பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தச் சனிக்கிழமை ஆறரை மணிக்கு நான் வாரேன் அண்ணாச்சி. நல்லெண்ணெயும் ரெண்டு பல் பூண்டும் மட்டும் எடுத்து வைங்க."